அவரைத் தெருக் கரடி

கரடி எங்கிருந்து வந்தது என்று
நூலகத்தில் கேட்டான், முன்பல் விழுந்த ஒரு பையன்.
காட்டிலிருந்து என்றேன்.
பொய்.
எஸ்டோனியக் காடுகளுக்குள் நான் போனது
காளான் பொறுக்க, அதுவும் இரண்டே தடவை.
இரண்டு தடவையும்
காளானைவிடக் கொசு அதிகம்.

தார்த்துவில் எங்கள் பேட்டைக்குச் சூப்புப்பட்டணம் என்று பேர்.
உருளைக்கிழங்குத் தெரு, பட்டாணித் தெரு எல்லாம் உண்டு.
நான் அவரைத் தெரு.
மரவீடு, மாடியில் ஒற்றை அறை,
அறையில் என்னைவிட உயரமாய் ஒரு ஓட்டு அடுப்பு.

ஜனவரிக்குள் பதினொரு கரடி வரைந்து கிழித்திருந்தேன்.
முதலாவது நாய்.
நாலாவது, நாற்காலிமேல் யாரோ போட்டுப்போன கோட்டு.
ஏழாவது நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் அது வேறு யாருடைய கரடியோ,
என் மணிக்கட்டுக்குள் எப்போது குடியேறியதோ.
பதிப்பகத்திலிருந்து லீலோ எழுதினாள்:
"கொஞ்சம் சோகம் குறையட்டும். வெள்ளிக்கிழமைக்குள்."

நோட்டில் எல்லாம் இருந்தது.
எலும்புக்கூட்டின் அளவுகள்,
பேருந்தில் வாய் பிளந்து தூங்குகிறவர்கள்,
ரொட்டிக்கடையில் புளித்த மாவு
தொட்டி விளிம்பில் தயங்கி
பிறகு மனம் மாறி வழிகிற விதம்கூட.
நோட்டில் இருந்தது நோட்டிலேயே இருந்தது.

வியாழக்கிழமை அடுப்பு புகை கக்கியது.

ஹெல்துர் வந்தார்.
காலணியை வாசலில் கழற்றினார்.
காலுறை ஓட்டையில் ஒரு கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.
பேச்சில்லை. மண்டியிட்டார்.
அடுப்பின் வாய்க்குள் தலையை விட்டார்,
ஒரு தோள் போயிற்று,
ஒருக்களித்து மற்றது.
வெளியே மிஞ்சியது
முதுகு.

கம்பளிச் சட்டை மேலேறி
இடுப்பில் ஒரு பிடி வெளிச்சம்.
மூச்சு வாங்கினால்
மொத்தமும் உயர்ந்து, யோசித்து, இறங்கியது.
உள்ளேயிருந்து ஒரு முனகல்,
தேன்கூட்டுக்குள் கைவிட்ட பிறகு
தேனீ இருப்பது நினைவுக்கு வந்தவன் மாதிரி.

நான் முகத்திலிருந்தே தொடங்கியிருக்கிறேன்,
பதினொரு தடவையும்.

பென்சிலைத் தேடினேன். அகப்பட்டது
மின்கட்டண ரசீதும்
அவர் வழித்துப்போட்ட புகைக்கரியும்.
விரலில் தொட்டு
பிடரி முதல் வால் இருக்கவேண்டிய இடம்வரை
ஒரே இழுப்பு.
கை செய்ததைக் கண் பிறகுதான் பார்த்தது.

"செங்கல் ஒன்று விழுந்து அடைத்திருக்கிறது"
என்று வெளியே வந்தார், மூக்குத் துளை வரை கறுப்பாய்.
கரியை வாளியில் அள்ளப் போனார்.
நிறுத்தி, ஜாம் பாட்டிலை நீட்டினேன்.
பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நிரப்பிக் கொடுத்தார்,
காய்ச்சல்காரிக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல் பதமாக.

பழைய காலுறையில் சலித்து
வேலம்பிசினில் குழைத்தேன்.
கடையில் வாங்குகிற கறுப்பு கறுப்பாக மட்டும் இருக்கும்.
இதற்கடியில் ஒரு பழுப்பு,
பிர்ச் விறகு எரிந்து முடித்த பிறகும்
விட்டுக்கொடுக்காத பழுப்பு.
இரவு முழுக்க முதுகுகள்.
குனிகிற முதுகு, குளிர்கிற முதுகு,
கதவருகே யாருக்கோ காத்திருக்கும் முதுகு.

காலையில் லீலோ எழுதினாள்:
"சோகம் போய்விட்டது. முகம் எங்கே?"
பன்னிரண்டாம் பக்கத்தில் திரும்பும் என்று பதில் போட்டேன்.
திரும்புமா என்று எனக்கே தெரியாது.

மறு குளிர்காலம் ஹெல்துர் வந்தபோது
புத்தகம் மேசையில் கிடந்தது.
கால்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு
நகத்தால் புரட்டினார், காகிதத்துக்கு வலிக்கும் என்பதுபோல்.
கரடி அடுப்பு மூட்டும் பக்கத்தில் நின்றார்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"புகைபோக்கி தப்பு" என்றார்.
"இப்படி வைத்தால் புகை வீட்டுக்குள் திரும்பும்.
கரடி விடியறதுக்குள்ள செத்துப்போகும்."

இரண்டாம் பதிப்பில் திருத்தினேன்.

ஆனால் அன்று அவர் போகும்போது
வாசலில் குனிந்து காலணி மாட்டினார்.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
தோளுக்குக் கீழே
இன்னும் இரண்டு விரல் அகலம் வேண்டும்.